மரத்துப்போன வாயோட பொண்ணு பாக்கப் போனேன்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ரெண்டு வேலை. காலையில ஆரப்பாளையத்துல பல் டாக்டர்கிட்ட போயி ஈறைச் சுத்தம் பண்ணணும். மத்தியானம் வாடிப்பட்டியில அக்கா மகன் பிரபுவுக்குப் பொண்ணு பாக்கணும்.

முதல்ல என் வாயைப் பத்திச் சொல்லிருறேன். நான் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். பிரஷர் மாத்திரை போட ஆரம்பிச்சதுல இருந்து வாய் வைகை ஆறு மாதிரி காஞ்சு கிடக்கு. ஆத்துலயாச்சும் திருவிழாவுக்குத் தண்ணி திறந்து விடுறாங்க. எனக்கு அதுவும் இல்ல.

டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க. "சார், எச்சில்தான் பல்லுக்குக் காவல். அது வத்திப்போனா ஈறுல அழுக்கு தங்கி எலும்பை அரிச்சிரும். உங்களுக்கு அரிக்க ஆரம்பிச்சிருச்சு. இது சுகர் மாதிரி, ஒரேயடியா போகாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்துரணும்."

"கண்டிப்பா வாரேன் மேடம்"னு சொன்னேன். அதுக்கப்புறம் அந்தத் தெரு வழியா போறப்ப நான் ஹெல்மெட்டைக் கழட்டுனதே இல்ல. வீட்டுப்பாடம் எழுதாத பயலுகளை பெஞ்சு மேல ஏத்துற ஆளு நான்.

இப்ப போனதுக்கும் அக்காதான் காரணம். போன்ல கூப்பிட்டு, "டேய் தம்பி, பொண்ணு வீட்டுக்கு வாரதுக்கு முன்னாடி அந்த வாயை எங்கயாச்சும் காட்டிட்டு வா. போன தடவை நீ பேச ஆரம்பிச்சதும் உங்க மாமா கார் ஜன்னலை இறக்குனாரு"ன்னா.

"காத்துக்கு இறக்கிருப்பாருக்கா."

"வெளிய அம்புட்டு மழைடா."

பொண்ணு வீட்ல நான்தான் பேசணும். தாய்மாமன். அக்கா வீட்டுக்காரர் தங்கமான மனுசன், ஆனா "ம்"ங்கிறதைத் தாண்டிப் பேச மாட்டாரு. பொண்ணு வீட்ல ஒரே ஒரு கண்டிசன்தான். குடிக்கிற குடும்பம் வேணாம். அவங்க மூத்த மருமகன் குடிச்சே சீரழிஞ்சு, பெரிய பொண்ணு ரெண்டு பிள்ளைகளோட பொறந்த வீட்டுக்கே வந்திருச்சு. அந்தப் பயம் நியாயம். எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது. அதை எடுத்துச் சொல்லத்தான் நான் போறேன்.

ஞாயித்துக்கிழமை காலையில டாக்டரம்மா என் வாயைத் திறந்து பாத்தாங்க. நர்ஸைக் கூப்பிட்டுக் காமிச்சாங்க. திட்டிருந்தாக்கூட தேவலை.

"மூணு மாசம்னு சொன்னேனே சார்?"

"வேலை ஜாஸ்தி மேடம்."

"ஒன்றரை வருசமாவா?"

வகுப்புல நான் கேக்குற அதே தொனி.

"ஈறுக்கு உள்ள இறங்கிச் சுத்தம் பண்ணணும். இன்னைக்கு வலது பக்கம் மட்டும். ஊசி போட்டா மூணு மணி நேரமாச்சும் மரத்துக் கிடக்கும். இன்னைக்குப் பேசுற வேலை எதும் இருக்கா?"

"ஞாயித்துக்கிழமை எனக்கென்ன மேடம் வேலை."

ஒன்றரை வருசம் டிமிக்கி குடுத்தவனுக்கு, 'இன்னொரு நாள் வாரேன்'னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அந்தக் கூச்சம் ஒரு சம்பந்தத்தையே கவுக்கப் பாத்துச்சு.

எந்திரிச்சப்ப வலது பக்க உதடு, கன்னம், பாதி நாக்கு எதுவும் என்கிட்ட இல்ல. "வாய் காயக் காய ஒரு மடக்கு தண்ணி குடிங்க"ன்னு சொல்லி மருந்துச் சீட்டைக் குடுத்து அனுப்பிட்டாங்க.

பஸ் ஏறி வாடிப்பட்டியில இறங்குனா அக்கா போன் பண்றா. "கார் டயர் பஞ்சர். சமயநல்லூர்ல நிக்கிறோம். நல்ல நேரம் போறதுக்குள்ள நீ முதல்ல போயி பேசிக்கிட்டு இரு."

"ம்"னேன். அதுதான் வந்துச்சு.

பொண்ணோட அப்பா வாசலுக்கே வந்து வரவேத்தாரு. நான் கும்பிட்டு வணக்கம் சொன்னேன். வெளிய வந்தது "வழக்கம்."

"என்ன வழக்கம்?"ன்னாரு.

உள்ள பொண்ணோட தாய்மாமன் உக்காந்திருந்தாரு. போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டயர் ஆனவரு. மீசை மட்டும் இன்னும் சர்வீஸ்ல இருக்கு. அவர் எதுத்தாப்புல என்னை உக்கார வச்சாங்க.

வாய் காய ஆரம்பிச்சது. பைக்குள்ள இருந்த பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடிச்சேன். பாதி உள்ள போச்சு, பாதி சட்டையில வழிஞ்சது. ரெண்டு நிமிசம் கழிச்சு இன்னொரு மடக்கு. ஏட்டு என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பாத்தாரு.

"என்ன அண்ணே அது?"

"தண்ணி."

அன்னைக்கு என் வாயில இருந்து சுத்தமா வந்த ஒரே வார்த்தை அதுதான்.

அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டாரு. "வாய் ஒரு பக்கமா இழுக்குதே. என்ன போட்டிருக்கீங்க?"

"ஊசி போட்டேன்"னு சொன்னேன். பாதி நாக்குல 'சி' எங்க வரும்? "ஊத்தி போட்டேன்"னு வந்துச்சு.

"காலையிலயேவா?"

"பத்து மணிக்கு"ன்னு விரலைக் காட்டுனேன். பொய் சொல்லத் தெரியாத குடும்பம் எங்களுது.

கதவோரம் நின்ன அந்தப் பெரிய பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்துட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உள்ள போயி கதவைச் சாத்துச்சு. அது எனக்கு ரொம்பக் கஷ்டமாயிருச்சு. மரத்துப்போனது வாய் மட்டும்தான்.

எப்படியாச்சும் புரிய வைக்கணும்னு வாய்க்குள்ள விரலை விட்டு, "ஈறு, ஈறு"ன்னேன்.

"ஈரலா? அதுவும் போயிருச்சா?"ன்னு பொண்ணோட அம்மா நெஞ்சுல கை வச்சாங்க.

ஏட்டு எந்திரிச்சு என் முன்னாடி நின்னாரு. "ஊதுங்க."

நான் எம்.எஸ்.சி., பி.எட். ஊதுனேன். காத்து இடது பக்கமா போச்சு. வாயில இருந்த ரத்த எச்சில் அவர் வெள்ளைச் சட்டையில போச்சு.

"மச்சான், ரத்தம் கக்குறாரு. முத்திப்போன கேஸு"ன்னு ஏட்டு ரெண்டடி பின்னாடி போனாரு. பொண்ணோட அப்பா ஆட்டோவுக்குப் போன் எடுத்தாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பிரபு நல்ல பய. என் வாயால அவனுக்கு வந்த சம்பந்தம் போகுதேன்னு இருந்துச்சு.

அப்ப அந்தக் கதவு திறந்துச்சு. பெரிய பொண்ணு நேரா எங்கிட்ட வந்து பாட்டிலை வாங்கி மோந்து பாத்துச்சு. என் பக்கத்துல குனிஞ்சு ஒரு நிமிசம் நின்னுச்சு.

"மாமா, ஆறு வருசம் நான் பாத்த வாடை இது இல்ல. இது மருந்து வாடை. இவருக்குப் பல்லுல ஊசி போட்டிருக்காங்க. சட்டைப்பையில மருந்துச் சீட்டு துருத்திக்கிட்டு நிக்குது. முப்பது வருசம் போலீஸ்ல என்ன பாத்தீங்க?"

அந்தச் சீட்டு எனக்கும் ஞாபகம் வரல. ஏட்டை மட்டும் குத்தம் சொல்லக் கூடாது.

சீட்டைப் படிச்சதும் பொண்ணோட அப்பா போனைப் பைக்குள்ள போட்டாரு. அந்தப் பொண்ணு என்னைப் பாத்து, "தப்பா நினைச்சுட்டேன் சார்"ன்னுச்சு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பேசியிருந்தா மறுபடியும் கெட்டுப்போயிருக்கும்.

கொஞ்ச நேரம் கழிச்சு ஏட்டு என் காதுகிட்ட வந்தாரு. "அண்ணே, எனக்கும் பல்லு விளக்குறப்ப ரத்தம் வருது. ரெண்டு பல்லு ஆடுது. அந்த டாக்டரம்மா பயமுறுத்துவாங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே வாயைத் திறந்து காட்டுனாரு. நான் செல்போன் டார்ச்சை அடிச்சேன். என் வாய்க்கு அக்கா வீட்டுக்காரர் ஏன் ஜன்னலை இறக்குனாருன்னு அப்பத்தான் முழுசா விளங்குச்சு. பொண்ணோட அப்பா, "எனக்கும் இந்தக் கடவாயில ஒரு வீக்கம்"னு பக்கத்துல வந்து நின்னாரு.

பழத்தட்டோட அக்கா உள்ள வந்தப்ப பாத்த காட்சி அதுதான். ஏட்டு வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காரு, நான் டார்ச் அடிக்கிறேன், சம்பந்தி வரிசையில நிக்கிறாரு. அக்காகூட வந்த பிரபுவும் கல்யாணப் பொண்ணும் கொல்லைப் பக்கம் நின்னு ஒரு மணி நேரம் நிம்மதியா பேசுனாங்க. யாரும் கண்டுக்கல.

மறுநாள் அக்கா போன் பண்ணா. "பொண்ணு வீட்ல சம்மதம்டா. உன்னைத்தான் ஆஹா ஓஹோன்னு சொல்றாங்க. ஒரு வார்த்தை அதிகமா பேசல, இம்புட்டு அடக்கமான ஆளைப் பாத்ததே இல்லைன்னு."

"அப்ப நிச்சயத்தன்னைக்கும் நானே பேசிருறேன்க்கா"ன்னேன்.

"பேசலாம் பேசலாம். அன்னைக்குக் காலையில இடது பக்கத்தையும் சுத்தம் பண்ணிட்டு வந்துரு."