பத்து சதவீத அறம்

அறம் என்றால் என்ன என்று மனிதகுலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. அறம் எவ்வளவு என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தோன்றியது. விடையையும் கண்டுபிடித்துவிட்டது. பத்து சதவீதம்.

ஓர் ஆய்வேடு பிறர் எழுத்தோடு பத்து சதவீதம் வரை ஒத்துப்போனால் அது 'ஆராய்ச்சி'. பதினொன்று என்றால் 'திருட்டு'. இதை அளக்க ஒரு மென்பொருள் வாங்கி வைத்திருக்கிறோம். யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் "இது அங்கே பார்த்தது, இது இங்கே கேட்டது" என்று நொட்டை சொல்வதால் அதற்கு 'மாமியார்' என்று செல்லப்பெயர். மாமியாரின் தீர்ப்பைக் கையொப்பமிட்டு அறிவிக்க 'ஆய்வு நெறிக் குழு' என்று ஒன்று உண்டு. அதன் செயலாளர் அடியேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, கதவிலேயே பலகை மாட்டியிருக்கிறது.

அன்று எங்கள் முன் நிறுத்தப்பட்டவர் ஓர் ஆய்வு மாணவி. சிறுநீரகப் புற்றுநோய் பற்றிய அவருடைய ஆய்வேட்டை மாமியார் வாயில் போட்டு மென்று, நாற்பத்திரண்டு சதவீதம் என்று துப்பிவிட்டது. அத்தனையும் ஒரே இடத்துச் சரக்கு. அவருடைய வழிகாட்டியான துறைத்தலைவர் சென்ற ஆண்டு வெளியிட்டுப் பரிசும் வாங்கிய கட்டுரை! குற்றம் உறுதியானால் மாணவிக்குப் பட்டம் கிடையாது. பல வருட உழைப்பு மொத்தமும் அம்போ.

துறைத்தலைவர் எங்கள் குழுவின் உறுப்பினரும்கூட. தன் வழக்கைத் தானே விசாரிப்பது முறையல்ல என்று அவராகவே எழுந்தார். எழுந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நடுநிலை என்றால் இதுவல்லவா நடுநிலை!

குழுவுக்குத் தலைமை வகிக்கும் புல முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா, சாரோட கட்டுரையை ஏன் எடுத்தே?"

"நான் எடுக்கல சார். அது என்னோட மூணாவது அத்தியாயமும் கடைசிப் பக்கமும். பாத்துத் தரேன்னு சார்தான் வாங்கினாரு."

"பாத்தாரா, இல்லையா?"

"பாத்தாரு சார். தரல. அவர் பேர்ல அச்சுல வந்துடுச்சு."

துறைத்தலைவர் பாசத்தோடு சிரித்தார். "குழந்தை மாதிரி பேசுது பாருங்க. எங்க ஆய்வகத்துல என்னுது, உன்னுதுங்கற பேச்சே கிடையாது. எல்லாம் நம்மளுது."

"கட்டுரையில இருக்கற பேரு?" என்று கேட்டார் புள்ளியியல் பேராசிரியை. அவர் எங்கள் மூன்றாவது உறுப்பினர்.

"அது என்னுது."

முதல்வர் மாணவியிடம் பொறுமையாக விளக்கினார். "யாரு முதல்ல எழுதினாங்கன்னு மாமியாருக்குத் தெரியாதும்மா. யாரு முதல்ல வெளியிட்டாங்கன்னுதான் தெரியும். எழுதறதுக்கு என்ன, யாரு வேணா எழுதலாம். வெளியிடறதுதான் ஆராய்ச்சி."

ஆனாலும் எங்கள் குழு கல்நெஞ்சக் குழு அல்ல. மாணவியைக் காப்பாற்ற நாங்களே ஒரு வழி செய்து வைத்திருந்தோம். அவருடைய அத்தியாயத்தைச் 'சொல்மாற்றி' என்ற இன்னொரு மென்பொருளில் போட்டு எடுத்திருந்தோம். ஒவ்வொரு சொல்லுக்கும் அதே பொருளில் வேறு சொல்லைத் தந்துவிடும் கெட்டிக்கார இயந்திரம் அது. வெளிவந்ததை நானே வாசித்துக் காட்டினேன். 'சிறுநீரகப் புற்றுநோய்' இப்போது 'குட்டித் தண்ணீர் வீட்டுக் கரையான்மேட்டுப் பிணி' ஆகியிருந்தது. 'கட்டுப்பாட்டுக் குழு' என்பது 'அடக்குமுறைக் கும்பல்'. 'திட்டவிலக்கம்' என்ற கணக்குச் சொல் 'வசவு தவிர்ப்பு' என்று மெருகேறியிருந்தது. மாமியாரிடம் மறுபடி கொடுத்துப் பார்த்தோம். வாயே திறக்கவில்லை. ஆறு சதவீதம்!

மேசையைத் தட்டிப் பாராட்டினோம். மாணவி மட்டும் தட்டவில்லை.

"சார், இதைப் படிச்சிட்டு ஒரு டாக்டர் வைத்தியம் பாத்தா, நோயாளிக்குக் கரையான் மருந்துதான் அடிப்பாரு."

"படிக்கவாம்மா எழுதறோம்?" என்றார் முதல்வர் வியப்போடு.

அந்தப் பெண் சொல்மாற்றியின் தாளை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "சார், துறைத்தலைவர் சாரோட கட்டுரையில கடைசிப் பத்தியை மட்டும் சத்தமாப் படிக்கிறீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

வாசிப்பது செயலாளரின் கடமை. உரத்த குரலில் வாசித்தேன். "'நன்றியுரை. இரவும் பகலும் நான் ஆய்வகமே கதி என்று கிடந்தபோது, எங்கள் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்த என் அன்புக் கணவருக்கு...'"

அதோடு வாசிப்பதை நிறுத்தினேன். எல்லோரும் துறைத்தலைவரின் நரைத்த மீசையைப் பார்த்தோம். அவருக்கு ஒரு மனைவியும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருப்பது ஊரறிந்த செய்தி. அதை வெளியிட்ட ஆய்விதழின் நிபுணர்கள் மூவர் வரிவரியாக அலசி ஆராய்ந்து, திருத்தம் ஏதும் தேவையில்லை என்று ஏற்றுக்கொண்ட கட்டுரை அது.

"இதுல கணவர்ங்கறது மாறியா, மாறிலியா?" என்று மெல்லக் கேட்டார் புள்ளியியல் பேராசிரியை.

"அச்சுப்பிழை" என்றார் துறைத்தலைவர். "'துறைக்கு'ன்னு இருந்திருக்கணும்."

"கைக்குழந்தையைத் தோள்ல போட்டுத் தூங்கவெச்ச துறைக்கா சார்?" என்று கேட்டார் மாணவி.

"எங்க துறை யாரை வேணாலும் தூங்கவெக்கும்மா."

மாணவியின் கணவர் வெளியே நடைவழியில்தான் இருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சாட்சியாக உள்ளே அழைத்தோம்.

"உங்களுக்கு நம்ம துறைத்தலைவர் என்ன வேணும்?" என்று முறைப்படி கேட்டார் முதல்வர்.

"அவரு எனக்கு ஒண்ணும் வேணாம் சார்" என்றார் அவர். "நான் தூங்கவெச்சது என் பொண்ணு இவளைத்தான். வேற யாரு புள்ளையையும் இல்ல."

பேச்சுச் சத்தத்தில் குழந்தை விழித்தது. துறைத்தலைவரைப் பார்த்ததும் வீல் என்று அலறியது. மாதிரியின் அளவு சிறியதுதான் என்றாலும், இருவருக்கும் உறவில்லை என்ற முடிவுக்கு வரலாம் என்றார் புள்ளியியல் பேராசிரியை. அந்த மனிதர் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "அம்மா வேலை முடியட்டும்டா கண்ணு" என்றார். அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது. வெட்கமாகக்கூட இருந்தது. கூட்டக் குறிப்பில் அதற்கெல்லாம் இடமில்லை என்பதால் ஒரு மடக்கு தண்ணீர் குடித்தேன்.

அப்போதுதான் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. யோசனையில் ஆழ்ந்திருந்த முதல்வருக்குத் திடீரென முகம் வெளிறியது. கூட்டத்தைச் சற்று நேரம் ஒத்திவைப்பதாக அறிவித்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தன் அறைக்கு ஓடினார். புள்ளியியல் பேராசிரியையும் ஓட்டமும் நடையுமாகப் போனார். கொஞ்ச நேரத்தில் செய்தி கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. பேராசிரியர்கள் அத்தனை பேரும் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தங்கள் சொந்தக் கட்டுரைகளை முதல்முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். கட்டை பிரம்மச்சாரியான முதல்வர் தன் மாமனாருக்கு இரண்டு கட்டுரைகளில் நன்றி கூறியிருந்தாராம். படகில்கூட ஏறியிராத புள்ளியியல் பேராசிரியை, நடுக்கடலில் தன் உயிரைக் காத்த மாலுமிகளை நெகிழ்ந்து போற்றியிருந்தாராம். நான் என்ன கண்டேன் என்பது இந்த விசாரணையின் வரம்புக்குள் வராது.

குழு மீண்டும் கூடியது. நம் ஆய்வுலகின் சீர்கேடுகளுக்கெல்லாம் ஆணிவேர் நன்றியுரைதான் என்று ஒருமனதாகக் கண்டறிந்தோம். இனி எந்த ஆய்வேட்டிலும், எந்தக் கட்டுரையிலும் நன்றியுரை கூடாது, பழையவற்றில் இருப்பதையும் கிழித்தெடுக்க வேண்டும் என்று விதி பிறந்தது. அதன் வாசகத்தைத் துறைத்தலைவரே எழுதித் தந்தார். பார்த்து எழுதினாரா, சொந்தமாகவா என்று யாரும் கேட்கவில்லை.

முதல்வர் மாணவியைப் பெருந்தன்மையோடு பார்த்தார். "அந்த நன்றிப் பக்கத்தை மட்டும் கிழிச்சுக் குடுத்துடும்மா. நாப்பத்திரண்டை நாங்க பாத்துக்கறோம். நாளைக்கே பட்டம்."

மாணவி கதவோரம் நின்ற கணவரைப் பார்த்தார். அந்த மனிதர், "கிழிச்சா கிழிச்சுட்டுப் போ, எனக்கு ஒண்ணுமில்ல" என்பதுபோலத் தலையாட்டினார்.

"மத்த பக்கமெல்லாம் போனாப் போகுது சார். இன்னொரு ஆராய்ச்சி பண்ணி எழுதிக்குவேன்" என்றார் மாணவி. "இதைக் கிழிக்க மாட்டேன். இது ஒண்ணுதான் நான் யாருக்கும் பயப்படாம எழுதினது."

ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விதிமீறல் என்று குறிப்பெழுதிக் கோப்பை மூடினேன்.

இன்று எங்கள் நூலகத்துக்கு வந்து எந்த ஆய்வேட்டை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். ஒன்றிலாவது நன்றி என்ற சொல்லைக் காட்டிவிட்டால் என் பதவியை விட்டுவிடுகிறேன். சொந்தமாக எழுதி, நன்றியோடு முடித்த ஆய்வேடு எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதற்குத்தான் நாங்கள் பட்டம் தரவில்லை.