எழும்பவோ, இருக்கவோ?

நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். நான் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். பம்பு நம்மிடம் கேள்வி கேட்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட, ஆறாம் வகுப்பில் புது வாத்தியாருக்கு என் பெயரைச் சொல்ல வேண்டி வருமே என்ற பயம்தான் பாதிக் காரணம். (மீதிக் காரணத்தை விடுங்கள்.)

இப்படிப்பட்ட நான், என் ஒரே மகளின் கலியாண வரவேற்பில், முந்நூறு பேருக்கு முன்னால் மைக் பிடித்துப் பாடினேன்.

தர்சினி கலியாணம் முடிந்த கையோடு கனடா போகவிருந்தாள். அதற்கு ஒரு மாதம் முன்பு, நான் கிணற்றடியில் கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

“அப்பா, எனக்கு ஒண்டும் சொல்லாமலே அனுப்பப் போறியளோ?”

“என்னத்தைச் சொல்ல, பிள்ளை?”

“ஏதாவது. நான் பிறந்ததிலயிருந்து நீங்கள் என்னோட கதைச்சதை ஒரு கொப்பியில எழுதினால் முதல் பக்கமே நிறையாது.”

உண்மைதான். சொல்ல எனக்குள் ஒரு கிணறு நிறைய இருந்தது. மேலே ஏற்றத்தான் பம்பு இல்லை.

“கதைக்க வராட்டில் பாடுங்கோ. சின்னனில ஏணையில போட்டுப் பாடினனீங்கள்தானே? நான் பியானோ வாசிக்கிறன்.”

சேலை ஏணையை ஆட்டிக்கொண்டு நான் பாடியது தாலாட்டு அல்ல, தேவாரம். எனக்கு முழுதாகத் தெரிந்த பாட்டு அது ஒன்றுதான். சின்னப் பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையில் நின்று பாடப் பழகியது. வரவேற்பில் அதை மட்டும் பாடினால் பொருந்தாது என்று, தர்சினி இன்னொரு பாட்டையும் எடுத்தாள். என் மனிசி கறி கூட்டும்போது முணுமுணுக்கிற பழைய சினிமாக் காதல் பாட்டு.

“இரண்டையும் ஒண்டாக்கப் போறன். சினிமாவில நாலு வரி, தேவாரத்தில இரண்டு வரி, மாறி மாறி மூண்டு தரம். கடைசியில சினிமாவில ஒரு வரியோட முடிப்பம்.”

“உது சரிவருமே?”

“அம்மாவின்ரை பாட்டும் அப்பாவின்ரை பாட்டும் கலந்ததுதானே நான். சரிவந்துதானே நிக்கிறன்?”

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அரை அங்குலக் குழாயையும் முக்கால் அங்குலக் குழாயையும் பொருத்த நடுவில் ஒரு சொக்கற் வேண்டும். அந்தச் சொக்கற்தான் பியானோ.

யாழ்ப்பாணத்தில் அவளுடைய மியூசிக் ரீச்சர் வீட்டில் பழகினோம். ரீச்சர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். (இது முக்கியம், பிறகு விளங்கும்.) கண்ணை இறுக்கி மூடினால்தான் எனக்குக் குரல் வரும். ஒரே ஒரு சிக்கல். தேவார வரி முடிந்ததும் என் வாய் தானாகவே ‘திருச்சிற்றம்பலம்’ என்று சொல்லிவிடும்.

“அப்பா, நடுவில திருச்சிற்றம்பலம் வேண்டாம்! பாட்டு இன்னும் முடியேல்லை!”

“வாய் சொல்வழி கேக்குதில்லைப் பிள்ளை.”

ஒரு மாதத்தில் வாயைத் திருத்திவிட்டோம்.

வரவேற்பு நல்லூரில் ஒரு மண்டபத்தில். முன்வரிசையில் சம்பந்தி, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். (அவருக்கு முன்னால் நான் மூச்சு விடவும் யோசிப்பேன்.) பக்கத்தில் என் பெரியண்ணை, முழங்கால் வருத்தக்காரர். எல்லாருடைய கையிலும் ரோல்ஸும் கேக்கும் வைத்த தட்டு. மகள் கீபோர்ட்டைப் பியானோச் சத்தத்தில் வைத்து வாசிக்கத் தொடங்கினாள். நான் கண்ணை மூடினேன்.

சினிமா நாலு வரியும் வழுக்கிக்கொண்டு போயின. தேவாரத்தின் முதல் சொல் வாயில் வந்ததும் முன்னால் ஒரு கதிரை கிரீச்சிட்டது. பிறகு பத்து. பிறகு முழு மண்டபமும்.

சனம் எழும்பிப் போகிறது!

அவசரமாகச் சினிமாவுக்கு மாறினேன். திரும்பவும் கதிரைச் சத்தம். மிச்சச் சனமும் போகிறது என்று நினைத்தேன். மறுபடி தேவாரம், மறுபடி சத்தம். போகப் போகச் சனம் முடிகிறதாய் இல்லை. இவ்வளவு பேருக்கா கலியாணம் சொன்னோம் என்று பாட்டுக்குள்ளேயே யோசித்தேன்.

உண்மையில் நடந்தது வேறு. தேவாரம் காதில் விழுந்தால் எழும்பி நிற்பதும், தோள் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டுவதும் எங்களுடைய ஆட்களுக்குக் காலோடு கூடப் பிறந்த பழக்கம். சம்பந்தி எழும்பியிருக்கிறார். அதிபர் எழும்பினால் மண்டபம் கதிரையில் இருக்குமா? காதல் வந்தால் இருக்க, தேவாரம் வந்தால் எழும்ப, தட்டோடு சனம் தேகப்பியாசம் செய்திருக்கிறது. (ரீச்சர் வீட்டில் ஒருவரும் எழும்பாத காரணம் இப்போது விளங்கியிருக்கும்.) மகளும் நானும் பாட்டைப் பற்றித்தான் யோசித்தோமே தவிர, கேட்கிறவர்களின் கால்களைப் பற்றி யோசிக்கவில்லை.

மூன்றாம் தரம் தேவாரம் முடிகிற நேரம் பெரியண்ணையின் குரல் கேட்டது.

“டேய் தம்பி, ஒண்டில நில்லடா! நாங்கள் எழும்பவோ, இருக்கவோ?”

கண்ணைத் திறந்தேன். ஒருவரும் போகவில்லை. முந்நூறு பேரும் நிற்கிறார்கள். சம்பந்தி இடுப்பில் சால்வையோடு, கையில் பாதி ரோல்ஸோடு. வீடியோக்காரர் சப்பாத்தைக்கூடக் கழற்றிவிட்டார்.

பாட வேண்டிய கடைசிச் சினிமா வரி அப்படியே மறந்துபோனது. மகள் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தாள். திரும்பிப் பார்த்தேன். சிரிப்பில் தோள் குலுங்குகிறது, கண் மை கரைந்து கன்னத்தில் வழிகிறது. சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தாள்: “ஏதாவது, அப்பா.”

வாயில் வந்ததை அந்த மெட்டிலேயே பாடினேன்.

“குளிருக்குக் காதை மூடிக்கொள்ளு, குஞ்சு...”

பாட்டு முடிந்ததல்லவா? வாய் தன் குணத்தைக் காட்டியது.

“திருச்சிற்றம்பலம்.”

“திருச்சிற்றம்பலம்” என்று மண்டபமே திருப்பிச் சொல்லிவிட்டு ஒரே சத்தத்தில் கதிரையில் இருந்தது.

தர்சினி ஓடிவந்து என் சேர்ட்டில் முகத்தைப் புதைத்தாள். “காணும் அப்பா. முதல் பக்கம் நிறைஞ்சிட்டுது.”

சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் சால்வையை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: “வாழ்நாள் முழுக்கப் பிள்ளையளை எழுப்பி இருத்தினனான். என்னை எழுப்பி இருத்தின ஆள் நீங்கள்தான்.”

இப்போதும் நான் செருமினால் மனிசி கையைக் கட்டிக்கொண்டு எழும்பி நிற்பாள். எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் பெரியண்ணை வாசலிலேயே கேட்பார்: “இவன் பாடுறானோ? எண்டால் நான் இருக்கேல்லை, நிண்டே சமாளிக்கிறன்.”

கதைக்க எனக்கு இன்னும் வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ போனில் கனடாப் பேத்திக்கு அந்தக் கலந்த பாட்டையே பாடுவேன், கண்ணைத் திறந்துகொண்டே. அவளுக்குப் பத்து மாதம். போன கிழமை வெளியில் போக வெளிக்கிட்டு, கம்பளித் தொப்பி இரண்டு காதையும் மூட, தொட்டிலுக்குள் இருந்தாள். நான் தேவாரத்துக்கு மாறினேன். தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல எழும்பினாள். முதல் தரமாகத் தன் காலில் நின்றாள்.

அவளைப் பார்த்த நான் பாட்டை நடுவிலேயே விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தில் தர்சினி கத்தினாள்:

“அப்பா, கெதியாத் திருச்சிற்றம்பலம் சொல்லுங்கோ! பிள்ளைக்குக் கால் நடுங்குது, அவள் இருக்க வேணும்!”