பூட்டிக்கொண்ட பென் டிரைவ்

சாரம், புதுச்சேரி.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ராஜ்கமல் அவர்களுக்கு, மாமனார் வடிவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் முழங்காலும் சுமாரான நலம். அங்கு புனேயில் தாங்களும் கவிநிலாவும் முழு நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் கவிநிலா காதில் விழுந்துவிடும் என்பதால் தங்கள் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும். அவளிடம் சொல்ல வேண்டாம்.

விஷயம் இதுதான். என்னோடு மில்லில் வேலை பார்த்த சாமிக்கண்ணு போன மாதம் தவறிவிட்டான். பிள்ளைகள் அவசரத்தில் ஆதார் கார்டு படத்தையே கொடுத்து கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்துவிட்டார்கள். அவ்வளவு சிரிச்ச முகக்காரன், பதினஞ்சு நாள் எங்க தெருமுனையில போலீஸ்ல மாட்டுன திருடன் மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னான். காய் வாங்கப் போகும்போதெல்லாம் எனக்குத் தலை குனிய வேண்டியதாப் போச்சு. அந்தக் கதி எனக்கு வேண்டாம் என்று, ரெண்டு வருஷத்துக்கு முன் பீச்சில் கவிநிலா என்னை எடுத்த படம் என் போனில் இருக்கிறதே, மூக்குக்கண்ணாடியோடு வாய் கொள்ளாமல் சிரிப்பேனே, அதை ஒரு பென் டிரைவில் போட்டு, பக்கத்து வீட்டு நிர்மலாவிடம் கொடுத்து வைக்க நினைத்தேன். போனுக்கு ரகசிய நம்பர் இருக்கு, நான் போயிட்டா யார் திறப்பாங்க சொல்லுங்க.

வீட்டில் இருக்கும் ஒரே பென் டிரைவ் உங்கள் கல்யாண வீடியோ இருப்பது. ஞாயிற்றுக்கிழமையானால் அதை டிவியில் சொருகி, பந்தியில் உங்கள் அத்தை, போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரி, நின்று எல்லோரையும் அதட்டிச் சாப்பிட வைப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். தனியா உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குது. அதில் இடம் மீதி இருக்கிறதே என்று பேனர் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே டிசைன் போடும் சரிதா படத்தை ஏற்றப் பார்த்தால், ரைட் புரொடெக்டட், எதையும் எழுத முடியாது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. "கல்யாண டிரைவ்ல இந்த மாதிரி போட்டோ போட அதுக்கே மனசு வரல ஐயா"ன்னு சரிதா சொல்லுச்சு. நிர்மலாவோ, தண்ணியில விழுந்த போன் அரிசியிலதான் சரியாச்சுன்னு சொன்னதால் மூன்று நாள் அரிசி டப்பாவில் புதைத்து வைத்தேன். நாலாம் நாள் மறந்துபோய் அரிசியோடு அதையும் களைந்து ஊறப்போட்டு, அப்புறம் எடுத்து வெயிலில் காய வைத்து, டிவியில் சொருகிப் பார்த்தேன். கல்யாணம் வழக்கம்போல் ஓடியது. பிறகு ரெட்டியார்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். அவர், "ஃபார்மட் பண்ணிட்டா போதும் பெரியவரே, எல்லாம் சுத்தமாயிடும்"னாரு. எல்லாம்னா என்னன்னு கேட்டேன். உள்ள இருக்கறது பூராவும்னாரு. பந்தியில நிக்கிற மனுஷியையுமான்னு கேட்டேன். அவருக்குப் புரியல. கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு செருப்பைக்கூட மறந்து பஸ் ஏறிவிட்டேன்.

ஆகவே, கல்யாணம் அழியாமல் என் படத்தை ஏற்ற வழி என்ன என்று இரண்டு வரி எழுதினால் போதும். இதற்காக லீவு போட்டு வர வேண்டாம். எனக்கு ஒரு குறையும் இல்லை. கதவைத் தட்ட பால்காரர் இருக்கிறார். தாங்கள் இருவரும் மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார் வடிவேல்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடப் போனவனை சரிதா கூப்பிட்டது. சட்டைப் பையில் இருந்த டிரைவை வாங்கிப் பார்த்தது, அதன் விலாவில் கடுகளவு பொத்தான் ஒன்று இருந்திருக்கிறது. கல்யாண வீடியோ அழியக் கூடாதென்று ஸ்டுடியோக்காரரே அதைத் தள்ளிப் பூட்டித்தான் கொடுத்திருக்கிறார். சரிதா நகத்தால் நகர்த்தியது, படம் ஏறிவிட்டது. பெருசாக்கிக் காட்டுச்சு. பார்த்தா, என் மூக்குக்கண்ணாடி ரெண்டுலயும் கவிநிலா நிக்கிறா, போனைப் பிடிச்சுக்கிட்டு, என்னைவிட அதிகமாச் சிரிச்சுக்கிட்டு. "கண்ணாடியில தெரியறத அழிச்சிடவா ஐயா"ன்னு கேட்டுச்சு. வேணான்னுட்டேன். நல்லாயிருக்கற புள்ளைய அந்த பேனர்ல ஏத்துவாங்களா. டிரைவில் ஏற்றிய என் படத்தை எடுத்துவிட்டு, பொத்தானைப் பழையபடி பூட்டச் சொல்லிவிட்டேன். கடையிலேயே புதுசாக மூன்று படம் எடுத்தும் பார்த்தாயிற்று. மூணுலயும் சாமிக்கண்ணு மாதிரிதான் முழிக்கிறேன். அதனால், அவளிடம் சொல்ல வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. போனை எடுத்துக்கிட்டு ஒரு தடவை வரச் சொல்லுங்க. அவ எதிர்ல நின்னாத்தான் எனக்கு அந்தச் சிரிப்பு வருது.