பிரித்தது யார் என்று கேட்டாள் உன் அக்கா

அன்பு மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமாக இல்லை என்று தெரியும், அக்காதான் உன் போனையே எடுப்பதில்லையே! காரணம் போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் இந்தக் கோழிக்கிறுக்கல்.

எல்லாம் நீ ஆசையாக வாங்கித் தந்த டிவியால் வந்தது. போட்ட நாளிலிருந்து படம் ஒரே மங்கல். செய்தி வாசிக்கிற பெண் ஆவி பறக்கிற குளியலறையில் நின்று வாசிக்கிற மாதிரி இருந்தாள். நான் பனியில் லாரி ஓட்டிப் பழகியவன், எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. உன் அக்காவோ, "என் தம்பி எனக்குன்னு பார்த்து கழிச்சுப் போட்டதை வாங்கிட்டு வந்திருக்கான்" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அன்றோடு உன்னோடு பேச்சு கட்.

கடைசியில் டிவியைக் கட்டித் தூக்கிக்கொண்டு, திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பையன், "பிரிச்ச பொருளுக்குப் பத்துல ஒரு பங்கு கழிப்போம்மா. ரீஸ்டாக்கிங் சார்ஜ்" என்றான்.

"அப்படின்னா?"

"திரும்ப பேக் பண்ணி அடுக்கி வைக்கிற செலவு."

"அடுக்கத்தானே? எந்த ரேக்குன்னு காட்டு. எங்க வீட்டுக்காரர் சும்மாதான் நிக்கிறார், தூக்கி வச்சிடுவார்."

என் இடுப்பு அப்போதே ஒரு முறை பிடித்துக்கொண்டது, மச்சான். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார், பின்னாடியே மெக்கானிக். மெக்கானிக் டிவியைப் போட்டான், பார்த்தான், எங்களைப் பார்த்தான், திரையின் மூலையில் நகத்தை விட்டு சர்ரென்று ஒரு பிளாஸ்டிக் தாளை உரித்தான். செய்தி வாசிக்கிற பெண்ணின் கன்னத்து மச்சம் வரை பளிச்சென்று தெரிந்தது! உனக்குத்தான் தெரியுமே, உன் அக்காவுக்குப் புதுப் பொருளில் கவரை எடுக்க மனசே வராது. எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்தால் இன்றைக்கும் மொறமொறக்கும்.

"கோளாறு எதுவும் இல்லம்மா. திருப்பித் தர்றதுன்னா கழிவு உண்டு" என்றார் மேனேஜர். நான் தரையைப் பார்த்தேன். உன் அக்கா அவரைப் பார்த்தாள்.

"பிரிச்சது யாரு சார்?"

"என்னம்மா?"

"நாங்க கவரோட கொண்டுவந்தோம். உங்க ஆளுதானே உரிச்சார்? பிரிச்ச பொருளை நான் வாங்கிட்டுப் போகணும்னா, நீங்கதான் எனக்குப் பத்துல ஒரு பங்கு கழிக்கணும்."

மேனேஜர் வாயைத் திறந்தார், மூடினார், கடைசியில் டிவி துடைக்க ஒரு துணியை இலவசமாகக் கொடுத்து, கும்பிட்டு, டிவியோடு எங்களை ஆட்டோ ஏற்றி விட்டார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அக்கா போனை எடுக்கிறாள், வைக்கிறாள். முதலில் பேச வெட்கம். என்னைத் திட்ட மட்டும் வெட்கமே இல்லை. நீயே கூப்பிட்டுவிடு, மச்சான். எதுவும் தெரியாதவன் மாதிரி பேசு. தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, உனக்கு ஒரு கொட்டு.

இப்படிக்கு,
நடுவில் மாட்டிக்கொண்ட அத்தான்

பி.கு.: கடிதத்தை அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். கவரை எடுக்காதது, உன்மேல் கோபப்பட்டது எல்லாம் நான்தானாம், 'அக்கா' என்று வருகிற இடத்தில் 'அத்தான்' என்று மாற்றிப் படிக்க வேண்டுமாம். மேனேஜர் வாயடைத்துப்போன இடம் மட்டும் அப்படியே இருக்கட்டுமாம். நீ கூப்பிடவும் வேண்டாம், இதோ போன் அவள் கையில். "தம்பி, உங்க அத்தான்தான்டா..." என்று ஆரம்பித்தாகிவிட்டது. 'ம்' கொட்டு, மச்சான். சிரித்துவிடாதே.