சூரியனை அளக்க வந்த சர்வேயர்

"யாரையும் தள்ளக் கூடாதுன்னு சொல்றியே, நீ மட்டும் ஏம்மா தாத்தாவத் தள்ளிவிட்ட?"

என் மகள் இப்படிக் கேட்கத் தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது, எப்படிச் சாகிறது என்று கேட்டால் ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கிடைத்தால் போதும், சொல்லிவிடுவேன். (கேட்பதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.) இந்தக் கேள்விக்கு மட்டும், அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறேன்.

நான் பட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் வானியலும் வான் இயற்பியலும் படித்தவள். ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்பா உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்தப் பள்ளிக்கூடத்தின் தாளாளர் எங்கள் ஊர்ப் பண்ணையார். அவர் மனம் கோணினால் அப்பாவுக்கு வேலை இல்லை. நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மா பஸ் ஸ்டாண்டிலேயே காதோடு சொல்லிவிடுவாள்: "பண்ணையார் விஷயத்துல வாயத் தொறக்காத."

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம் நான்.

அது கடைசி வருஷக் கோடை விடுமுறை. என் ஆய்வு சூரியனின் கரும்புள்ளிகளைப் பற்றியது. தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி, பின்னால் ஒரு வெள்ளை அட்டையை வைத்தால் அதில் சூரியனின் பிம்பம் விழும். அதில் தெரியும் புள்ளிகளைத் தினமும் படமாக வரைய வேண்டும். தப்பித்தவறிக் குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தால் கண் போய்விடும். "சூரியன் லீவு எடுக்காது" என்று சொல்லி, பேராசிரியர் துறையின் சின்னத் தொலைநோக்கியை என்னோடு அனுப்பிவைத்தார். அது உடைந்தால் நீ ஊரிலேயே இருந்துவிடு என்பது போல ஒரு பார்வையும் பார்த்தார்.

எங்கள் வீட்டைச் சுற்றித் தென்னை. அதனால் வயலோரத்துக் களத்தில் கொண்டுபோய் முக்காலியை நிறுத்தினேன். பக்கத்தில் கறுப்புக் குடை, கையில் பென்சில், தலையில் அப்பாவின் துண்டு.

இடம் சரி. காலம்தான் சரியில்லை. அது நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து, பெரிய பண்ணைகள் சமையல்காரர் பேரிலும் பிறக்காத பேரன் பேரிலும் நிலத்தை எழுதிவைத்திருந்த சமயம். (எங்கள் பண்ணையார் வண்டிமாட்டின் பேரிலும் எழுதியிருப்பதாக டீக்கடையில் பேச்சு.) களத்தை ஒட்டிய வயலை அஞ்சலையும் அவள் புருஷனும் குத்தகைக்கு உழுதுவந்தார்கள். இந்த வருஷம் நானே சாகுபடி செய்யப்போகிறேன், யாரும் இறங்கக் கூடாது என்று பண்ணையார் சொல்லிவிட்டார். இறங்குவோம் என்று விவசாயச் சங்கம் சிவப்புக் கொடி நட்டுவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்தும் நாற்று விடாமல் வயல் சும்மா கிடந்தது. குறுவைப் பயிர் தப்பினால் அஞ்சலை வீட்டில் அந்த வருஷம் சோறு இல்லை. வயலை அளந்து, யார் சாகுபடி என்று எழுதிக்கொண்டு போக வரும் தாலுகா ஆபீஸ் சர்வேயருக்காக இரண்டு தரப்பும் காத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து முக்காலியோடும் குழாயோடும் நான்.

முதலில் வந்தவள் அஞ்சலை. என்ன பார்க்கிறேன் என்று விசாரித்தாள். சூரியனைப் பார்க்கிறேன் என்றேன். அவள் அண்ணாந்து ஒரு தடவை சூரியனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அதுக்கு எதுக்கு பாப்பா மிஷினு? நிமிந்தா தெரியுது."

மத்தியானத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. வாத்தியார் மகள் சர்வேயில் சேர்ந்துவிட்டாள், மேலிடத்து உத்தரவு, உண்மையைச் சொல்லமாட்டாள். மறுநாள் சங்கத்துக்காரர்கள் இளநீர் கொண்டுவந்தார்கள். அதற்கு மறுநாள் பண்ணையாரின் காரியக்காரர் கூடை நிறைய மாம்பழத்தோடு வந்தார். வேண்டாம் என்றால் மனம் நோகுமே என்று இரண்டையும் வாங்கிக்கொண்டேன். (இரு தரப்பிலும் லஞ்சம் வாங்கிய ஒரே வானியல் மாணவி நானாகத்தான் இருப்பேன்.) வந்தவர்கள் எல்லோரிடமும் சூரியனைத்தான் பார்க்கிறேன் என்று சத்தியம் செய்தேன். எல்லோரும் புரிகிறது என்பது போலத் தலையை ஆட்டினார்கள். ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் பண்ணையாரே வந்தார். அவர் பின்னால் ஆட்கள். எதிர் வரப்பில் அஞ்சலையும் சங்கத்துக்காரர்களும். இரண்டு பக்கமும் கம்புகள். நடுவில் நானும் சூரியனும்.

பண்ணையார் கெட்டிக்காரர். இந்த ஒரு வயலில் நல்லவராகத் தெரிந்தால் மற்ற நிலங்களை அரசாங்கம் தோண்டாது என்று நினைத்திருக்க வேண்டும். ஊருக்கே கேட்கும்படி என்னிடம் சொன்னார்:

"எழுதிக்கம்மா. இது அஞ்சலை குடும்பத்துச் சாகுபடி. நான் யாரையும் எறங்காதன்னு சொன்னதில்ல. இன்னைக்கே நாத்து விடட்டும்."

எழுதுவதா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே, இதில் என்னதான் தெரிகிறது பார்ப்போம் என்றபடி வெள்ளை அட்டையை ஒதுக்கிவிட்டு அவர் குழாயின் பக்கம் குனிந்தார்.

கத்தியிருக்கலாம். ஆனால் பண்ணையார் விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாதே. இடது கையால் துறையின் சொத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அவரை ஒரே தள்ளாகத் தள்ளினேன்.

வாய்க்காலில் தண்ணீரும் இருந்தது, சேறும் இருந்தது. பண்ணையார் இரண்டிலும் இருந்தார்.

அப்பாவின் வேலை அந்தத் தண்ணீரில் மிதந்து போவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. (அதற்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை.) கீழே கிடந்த ஒரு வைக்கோலை எடுத்து, அவர் கண் வந்திருக்க வேண்டிய இடத்தில் பிடித்தேன். அது புகைந்தது. பிறகு பற்றிக்கொண்டது.

பண்ணையார் சேற்றில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தார். தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப நெசமாவே சூரியனத்தான் பாத்துக்கிட்டிருந்தியா?"

"ஆமாங்க."

"சர்வேயர் இல்ல?"

"இல்லீங்க. எம்.எஸ்ஸி. படிக்கிறேங்க."

அவர் அஞ்சலை பக்கம் திரும்பினார். அவள் அதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கியிருந்தாள்.

"சொன்னது சொன்னதுதானுங்களே, ஐயா" என்றாள்.

ஊரே கேட்டிருந்தது. அந்தக் குறுவை அவர்களுடையதாயிற்று.

சாயங்காலம் அப்பா மன்னிப்புக் கேட்கப் போனார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்தார். வேலை போய்விட்டதா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். வேலை போகவில்லை. பண்ணையார் தன் மகனுக்கு என்னைப் பெண் கேட்டிருந்தார். (தூரத்துச் சொந்தம்தான். அதை ஞாபகப்படுத்தும் தைரியம் அதுவரை எங்களுக்கு இருந்ததில்லை.) காரணமும் சொல்லி அனுப்பியிருந்தார்: "உள்ளூர் பாத்தாச்சு. வெளியூர்ல குடுத்தா இது அங்கயும் போய்ச் சொல்லும். நம்ம வீட்டுல இருந்தா சொல்லாது."

படிப்பை முடித்துவிட்டுத்தான் கல்யாணம் என்றேன். அதை என் வாயா சொன்னது என்று இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

இப்போது வீட்டில் என் பெயர் சர்வேயரம்மா. நான் காப்பியோடு வந்தாலே மாமனார் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். வெளியே சொல்லக் கூடாது என்றவர், வீட்டுக்கு வருகிற அத்தனை பேரிடமும் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவரே சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் வாய்க்கால் இன்னும் கொஞ்சம் ஆழமாகிறது.

போன வாரம் பாலர் பள்ளி டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் மகள் தன்கூடப் படிக்கிற பையனை மணலில் தள்ளிவிட்டாளாம். ஏன் என்று கேட்டால், அவன் சூரியனை நிமிர்ந்து பார்த்தான், கண் போய்விடும் என்றாளாம். நான் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். வீட்டில் மாமனார் அவளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்திருந்தார்.

அவளைக் கண்டிப்பதா, மெச்சிக்கொள்வதா? பிள்ளை வளர்த்து அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மரமே இல்லை, வெயில் காலம் வேறு வருகிறது.