தொடங்காத ஆட்டத்துக்கு வந்த பாராட்டுகள்

ஒரு காட்டில் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. அதனால் அங்கே இரை தேடும் நேரம் குறைந்து, கருத்துச் சொல்லும் நேரம் கூடிவிட்டது.

அந்தக் காட்டில் மாரிக்கனி என்றொரு சருகுமான் இருந்தாள். பெயரில்தான் மான். உருவம் முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சருகு அசைந்தாலே ஓடிவிடும் இனம். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பயம், தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லவும் பயம்.

மாரிக்கனி தனியாளாக உட்கார்ந்து ஒரு போன் விளையாட்டை உருவாக்கியிருந்தாள். பெயர் "சருகின் பயணம்". மரத்திலிருந்து விழும் ஒரு சருகைக் காற்றால் தள்ளித் தள்ளி, ஓடைகளைத் தாண்ட வைத்து, கடலில் கொண்டு சேர்க்க வேண்டும். கோடையில் ஆரம்பித்த வேலை, மழை இறங்கும்போதுதான் முடிந்தது.

அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை.

"ஏட்டி, இத ஆடினா என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காதும்மா. சருகு கடலுக்குப் போகும்."

"அது தானாவே போகும்லா?"

இதற்குக் கல்லூரியில் பதில் சொல்லித் தரவில்லை.

காட்டின் நடுவே ஆலமரக் கூடம் என்ற நிறுவனம் இருந்தது. பெரிய பெரிய விளையாட்டுகளைச் செய்யும் இடம். ஒவ்வொரு மழைக்காலமும் புதியவர்களின் விளையாட்டுகளில் நல்ல பெயர் எடுத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் செய்தவருக்கு வேலை கொடுப்பார்கள். அந்த வேலைதான் மாரிக்கனியின் கனவு. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து சித்தப்பாவோடு புளியந்தோப்புக்குக் கொட்டை பொறுக்கப் போக வேண்டும் என்று அம்மா சொல்லியாயிற்று.

"படிக்க வச்சாச்சு. பொறுத்தும் பாத்தாச்சு. இனி உன் ஓடைய என்னால தாண்ட முடியாதுட்டி."

நல்ல பெயர் எடுக்கும் இடம் "குட்டி ஆட்டக் கூட்டம்" என்ற இணையக் குழு. காட்டில் தனியாக விளையாட்டு செய்கிற எல்லோரும் அதில் இருந்தார்கள். அதன் நிர்வாகி ஞானப்பிரகாசம் என்ற கருமந்தி. அவர் இதுவரை விளையாட்டு எதையும் செய்ததில்லை. அதனாலேயே எல்லோருக்கும் பொதுவானவர்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. உன் விளையாட்டைப் போட வேண்டுமானால், முதலில் மூன்று பேருடைய விளையாட்டுக்குக் கருத்துச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் எல்லோருக்கும் தன் விளையாட்டைப் போடுகிற அவசரம் இருந்ததால், அடுத்தவர் விளையாட்டை விளையாடிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. கருத்து மட்டும் தவறாமல் வந்தது.

கருத்தைச் சொல்வதற்கும் ஒரு முறை இருந்தது. அதற்கு வாழைப்பழ விதி என்று பெயர். "குழந்தைக்கு மாத்திரையை எப்படிக் கொடுப்போம்? பழத்துக்குள் வைத்துத்தானே? குறையையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும். முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு, நடுவில் குறை" என்று ஞானப்பிரகாசம் எழுதி, குழுவின் உச்சியில் ஒட்டி வைத்திருந்தார். உறுப்பினர்கள் எல்லோரும் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பப் பழகியிருந்தார்கள்.

மாரிக்கனி தன் பங்குக்கு மூன்று விளையாட்டுகளையும் முழுதாக ஆடினாள். அதற்கே ஒரு வாரம் போனது. ரூபன் என்ற மயில் செய்த விளையாட்டில், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரு மயில் தோகை விரிக்கும். அவள் பயந்து பயந்து எழுதினாள்: "தோகை விரிவது அழகு. தோற்கவே வழியில்லாததால் ஜெயித்தது தெரியவில்லை. மறுபடி விரிவதும் அழகு."

"இரண்டு முறை அழகு என்றதற்கு நன்றி தங்கையே" என்று ரூபன் பதில் போட்டான்.

பிறகு தன் விளையாட்டை ஏற்றி, "இது என் முதல் முயற்சி. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். தயங்கிச் சொன்னாலும் சரி" என்று எழுதி அனுப்பினாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்த்தினாள். மறுபடி கவிழ்த்தாள்.

முதலில் வந்தவன் ரூபன். "ஓடையின் சலசலப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது!"

மாரிக்கனி விழித்தாள். விளையாட்டில் அவள் சத்தமே சேர்க்கவில்லை. புகழ்ந்தவரைத் திருத்துவது மரியாதையா என்று வெகுநேரம் யோசித்தாள். மனசு கேட்காமல், "அண்ணா, இன்னும் சத்தம் வைக்கலை" என்று அனுப்பினாள்.

"அதைத்தானே சொல்கிறேன்! வைக்காமலே கேட்க வைத்தாய் பார்."

அடுத்து ஒரு கரடி: "இரண்டாவது ஓடை கடினம். எனக்கில்லை, மற்றவர்களுக்கு." ஒரு நரி: "கடைசிவரை கடலைக் காட்டாமல் விட்ட துணிச்சலுக்கு ஒரு கும்பிடு." கடைசிக் காட்சி முழுக்கக் கடல்தான். நரியின் போனில் மட்டும் கடல் தெரியவில்லையோ என்று மாரிக்கனி கவலைப்பட்டாள். மாலைக்குள் குழுவில் பாதிப் பேர் அழுதிருந்தார்கள். மீதிப் பேர் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தார்கள். "சருகு என்பது நாம்தான்" என்று ஞானப்பிரகாசம் முடித்து வைத்தார்.

அதன் கீழே இசக்கிமுத்துவின் கருத்து வந்தது. இசக்கிமுத்து ஒரு முள்ளம்பன்றி. குழுவில் அதிகம் பேசமாட்டார். பேசினால் எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். விதிப்படிதான் எழுதியிருந்தார்: "தலைப்பு எழுத்து அழகு. 'தொடங்கு' பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. நிலாவின் நிறம் அழகு."

மாரிக்கனி அதை மறுபடி படித்தாள். அத்தனை பாராட்டும் கண்ணிலிருந்து மறைந்து, அந்த நடு வரி மட்டும் நின்றது. ஆனால் அவளுக்கு முன்பே கூட்டம் பாய்ந்துவிட்டது.

"யோவ், உன் போன் எந்தக் காலத்துப் போன்?" என்றது கரடி.

"அழுத்தினதும் திறக்கணும்னா லிஃப்ட்ல போய் நில்லு. இது கலை" என்றான் ரூபன்.

"இசக்கிமுத்து, பழம் சிறிதாக இருக்கிறது. மாத்திரை வெளியே தெரிகிறது" என்று ஞானப்பிரகாசம் கண்டித்தார்.

இசக்கிமுத்து மன்னிப்புக் கேட்டு, நிலாவைப் பற்றி இன்னும் ஒரு பத்தி எழுதினார்.

மாரிக்கனி சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அம்மாவின் போனை வாங்கி, அதில் விளையாட்டை இறக்கி, 'தொடங்கு' என்பதை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. குளம்பைத் துடைத்துவிட்டு அழுத்தினாள். நிலா மட்டும் அழகாக நின்றது. அப்போதுதான் புரிந்தது: ஏற்றும்போது ஒரு கோப்பு விடுபட்டுப் போயிருக்கிறது. அது அவள் போனில் இருந்ததால் அவளுக்கு மட்டும் ஆட்டம் தொடங்கியது. காட்டில் வேறு ஒருவருக்கும் தொடங்கியிருக்க முடியாது.

அழுதவர்களுக்கும்கூட.

வேறு யாராவது என்றால் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டுப் போயிருப்பார்கள். மாரிக்கனி நேர்மையானவள். விடுபட்ட கோப்பைச் சேர்த்து, புதுப் பதிப்பை ஏற்றி, பொறுப்பாக ஒரு பதிவும் போட்டாள்: "அனைவருக்கும் வணக்கம். என் தவறால் இதுவரை ஆட்டம் யாருக்குமே தொடங்கியிருக்காது. மன்னியுங்கள். இப்போது தொடங்கும். சுட்டிக்காட்டிய இசக்கியண்ணனுக்கு நன்றி."

எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று நீல டிக் மட்டும் சொன்னது.

பிறகு வந்தார்கள். இந்த முறை நிஜமாகவே அழுத்தி, நிஜமாகவே ஆடிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"பழைய பதிப்பில் இருந்த ஆழம் இதில் இல்லை" என்றது நரி.

"சருகு ஏன் இப்படி நகர்கிறது? முன்பு அசையாமல் எவ்வளவு கம்பீரமாக இருந்தது!" என்றது கரடி.

"மன்னிப்பு என்ற பெயரில் இந்தப் பெண் நம் எல்லோரையும் குத்தியிருக்கிறாள். அதுவும் பழமே இல்லாமல்" என்றான் ரூபன். அதற்கு நிறையப் பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் இசக்கிமுத்து தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினார். மாரிக்கனி இலைகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு கேட்டாள்.

"தங்கச்சி, ஆடி முடிச்சிட்டேன். தனியாப் பேசுறதால பழம் கிழம்லாம் வைக்கல, கோவிச்சிக்கிடாத. ரெண்டாவது ஓடையில காத்து எங்க திரும்புதுன்னே தெரியல. அங்கயே கிடந்து செத்துச் செத்துப் பொழச்சேன். ஒரு நாணல் வச்சு, அது சாயுற மாதிரி காட்டினேன்னா ஆடுறவனுக்குப் புரிஞ்சிரும். மூணாவது ஓடை ரொம்ப நீளம், பாதியா வெட்டு. ஆனா கடைசில சருகு கடல்ல போய் விழுந்துச்சு பாத்தியா, நான் கத்திட்டேன். வீட்ல என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாவ. அவ்வளவுதான் தங்கச்சி. நல்லா வருவே."

மாரிக்கனி அதை மறுபடி மறுபடி கேட்டாள். கோடை முழுக்க அவள் செய்ததை இந்தக் காட்டில் ஒரே ஒருவர் கடல்வரை ஆடிப் பார்த்திருக்கிறார். நாணல்! எவ்வளவு சின்ன விஷயம், தனக்குத் தோன்றவில்லையே என்று உடனே வரைய உட்கார்ந்தாள்.

நாணலுக்கு வேர் பிடிப்பதற்குள் ஞானப்பிரகாசம் போனில் அழைத்தார்.

"அம்மா மாரிக்கனி, ஞாயிற்றுக்கிழமை ஆலமரக் கூடத்திலிருந்து யானை மேலாளர் வருகிறார். நம் குழுவில் போட்டிருக்கும் கருத்துகளைப் படித்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார். உன் பதிவுக்குக் கீழே இப்போது என்ன கிடக்கிறது என்று பார்த்தாயா?"

"பார்த்தேன் ஐயா."

"பழைய பதிப்பையே திரும்ப ஏற்றிவிடு. அந்த மன்னிப்பையும் எடுத்துவிடு. மற்றவர்கள் புதிதாகப் போட்டதை அழித்துவிடுவார்கள். நான் பேசிவிட்டேன்."

"ஆனா ஐயா, அது தொடங்காதே."

"அம்மா, அது தொடங்காமல் இருந்தபோது யாருக்காவது வருத்தம் இருந்ததா?"

மாரிக்கனி நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். ஒருவருக்கு இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. அடுத்த அறையில் அம்மா புளியந்தோப்புக்குக் கொண்டுபோகும் கூடையைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பழைய பதிப்பு திரும்பப் போனது. மன்னிப்பு மறைந்தது. நிலா மட்டும் மறுபடி அழகாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை யானை மேலாளர் ஒவ்வொரு கருத்தாகப் படித்து, தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் எத்தனையோ விளையாட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூட இவ்வளவு குறைவான புகார்கள் இருந்ததில்லை" என்றார். அங்கேயே வேலை உத்தரவைக் கொடுத்தார். அம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அழுதாள். ரூபன் தோகை விரித்தான். "ஆரம்பத்திலேயே சொன்னவன் நான்" என்றது கரடி.

கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு இசக்கிமுத்துவிடமிருந்து செய்தி வந்தது.

"வாழ்த்துகள் தங்கச்சி! ரொம்ப சந்தோசம். நாணல் வச்சிட்டியான்னு பாக்கலாம்னு திறந்தேன். மறுபடியும் தொடங்க மாட்டேங்கு. எனக்கு மட்டுந்தானா?"

நாணல் வைத்த பதிப்பு மாரிக்கனியின் போனிலேயே இருந்தது. காற்று திரும்பும் இடத்தில் அது அழகாகச் சாய்ந்தது. ஒரு முறை தட்டினால் இசக்கியண்ணனுக்குப் போய்விடும். அவர் ஆடுவார். கத்துவார். வீட்டில் ஓடி வருவார்கள். பிறகு, 'தங்கச்சி புதுசு அனுப்பின பெறவுதான் எனக்குத் தொடங்குச்சு' என்று குழுவில் எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்வார். பாவம், பொய் சொல்லத் தெரியாதவர்.

மாரிக்கனி ஒரு பதிலைத் தட்டினாள். அழித்தாள். வேறொன்றைத் தட்டினாள். கடைசியில் போனது இதுதான்:

"எல்லாருக்கும் தொடங்குதே அண்ணே."

நீதி: பாடுபட்டுச் செய்ததை யாரும் திறக்க முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், திறக்காதவர்கள் பாராட்டுவார்கள், திறக்கப் பார்த்தவர் தன் போனைச் சந்தேகப்படுவார்.