தீப்பெட்டிக்குள் பருத்தி

விஞ்ஞான வரலாற்றைத் தீப்பெட்டிக்குள் அடைத்துவைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான், அவர் எங்கள் தீப்பெட்டி அண்ணாச்சி. இன்னொருவரைக் காட்டுங்கள், என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு பருத்தி ஆராய்ச்சிப் பண்ணை. நான் அங்கே டைப்பிஸ்ட், அவர் ரெக்கார்டு ரூம் அட்டெண்டர். பண்ணையின் பழைய வயல் நோட்டு, ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதுவார்: யார் எழுதியது, எந்த வருஷம், எந்த அலமாரி. சீட்டு வைக்கப் பெட்டி கேட்டு மனு எழுதிச் சலித்துப்போய், தீப்பெட்டி ஆபீசில் வேலைபார்த்த மனைவி கொண்டுவந்த கழிவுப் பெட்டிகளில் அடுக்கிவிட்டார்.

நான் சேர்ந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சூடம் கொளுத்த ஆபீசர் அவர் அலமாரியில் கைவிட்டார். ஏழு பெட்டி திறந்தும் குச்சி இல்லை.

"சார், அது கருங்கண்ணிப் பருத்தி," என்றார் அண்ணாச்சி. "வாடல் நோய் வேணும்னா கீழ்த்தட்டுல இருக்கு."

போன வருஷம் ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மாள் வருவதாகக் கடிதம் வந்தது. நாலு நாட்டு நூலகங்கள் சேர்ந்து பழைய பருத்தி ஆராய்ச்சிகளுக்கு ஒரே பட்டியல் தயாரிக்கிறார்களாம். ஆபீசர் பதறிப்போய், "ரூமைச் சுத்தம் பண்ணும்மா," என்றார். அண்ணாச்சி அன்று லீவு. நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். 'வெளிநாட்டுக்காரி முன்னால் தீப்பெட்டியா, மானம் போகும்' என்று பெட்டிகளைச் சாக்கில் அள்ளி கேன்டீன் அடுப்புக்கு அனுப்பினேன். அன்றைய டீ அருமை. நான் ரெண்டு கிளாஸ் குடித்தேன்.

மறுநாள் வந்த அம்மாள் நாற்காலியில்கூட உட்காரவில்லை. "அந்தத் தீப்பெட்டிகள் எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டார். அண்ணாச்சி பல வருஷமாக அவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அங்கே உள்ளதை அவர்கள் எழுத, இங்கே உள்ளதை இவர் எழுத. எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை, பாவி மனுஷன். ஒரு மனுஷனின் வாழ்நாள் உழைப்பை டீ போட்டுக் குடித்திருக்கிறேன்.

அண்ணாச்சி காலி அலமாரியைப் பார்த்தார்.

"எரிச்சிட்டியளா?"

"ஆமா அண்ணாச்சி." அழுதுவிட்டேன்.

"டீ நல்லா இருந்துச்சா?" என்றார்.

அதற்குப் பதில் என்னை அறைந்திருக்கலாம்.

"அழாதிய தாயி. மானாவாரிக்காரன் விதைய ஒரே வீட்டுல வைப்பானா? இங்கன மழ பொய்ச்சா அங்கன பெய்யும்லா. இன்னொரு செட்டு விளாத்திகுளத்துல தங்கச்சி வீட்டுல கிடக்கு. தினம் சாயங்காலம் வீட்டுல எம் பொஞ்சாதி பெட்டி ஒட்டுவா, நான் சீட்டு எழுதுவேன். எல்லாம் ரெண்டு ரெண்டுதான்."

இதை நான் இங்கிலீஷில் சொன்னதும் அம்மாள் வாயைப் பிளந்துவிட்டார். எதையும் ஒரே இடத்தில் வைக்காதே, நாலு நாட்டிலும் பிரதி வை என்று சொல்லிக்கொடுக்கத்தான் அவர் கடல் தாண்டி வந்ததே.

அண்ணாச்சி அன்றே விளாத்திகுளம் போய் மூட்டையோடு பஸ் ஏறினார். தீப்பிடிக்கிற சாமான் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் மறிக்க, குச்சி இல்லை என்று நிரூபிக்க எட்டயபுரம் வரை ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டிக்கொண்டே வந்தாராம். பத்து நாளில் அத்தனை சீட்டும் ஸ்கேன் ஆகி நாலு நாட்டுக்கும் போய்விட்டது.

ரிட்டயர் ஆன அன்று அந்த மூட்டையை என் மேசைமேல் வைத்தார்.

"இது உங்க வீட்டுல இருக்கட்டும்."

"என் வீட்டிலயா? எரிச்சதே நான்தான அண்ணாச்சி."

"அதான். ஒரு தடவ எரிச்சவுக மறுபடி எரிக்க மாட்டாக."

மூட்டை எங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அன்றிலிருந்து என் வீட்டில் தீக்குச்சியே கிடையாது. சாமி விளக்குக்கும் லைட்டர்தான்.